பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும்போது பொறுமையே இருப்பதில்லை. எப்படிப் பழகுவது?

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்வது பொறுமை ஆகாது. பத்து நிமிடத்தில் அது கத்தலாக வெளியே வரும். நீங்கள் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் பிள்ளை வாயைத் திறப்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் பழக ஆரம்பியுங்கள்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை 3 நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, பதில் வராத கேள்விகள் குறைந்தன. வீட்டில் அந்த ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை! கேட்டதும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பதில் வந்த பிறகும் "சரி", "தப்பு" என்று சொல்லாமல் இன்னொரு மூன்று. பிள்ளை தானாகத் திருத்திக்கொள்ள அந்த இரண்டாவது இடைவெளி வேண்டும். வாசிக்கையில் ஒரு சொல்லில் திணறினால் 5 நொடி விட்டுப் பிறகு எடுத்துக்கொடுக்கலாம்.

அடுத்தது, தப்பைப் படிக்கக் கற்பது. 52-இல் 38 போனால் 26 என்று எழுதியிருக்கும். "கவனமே இல்லை" என்று கோபம் வரும். உண்மையில் கவனமாகத்தான் போட்டிருக்கிறது: 8-இல் 2 போக 6, 5-இல் 3 போக 2. எது மேலே, எது கீழே என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. "ஏன் தப்பாப் போட்டே?" என்றால் வாயை மூடிக்கொள்ளும். "எப்படிப் போட்டே, சொல்லு பார்க்கலாம்" என்றால் இந்தக் கணக்கு வழி வெளியே வரும். தெரிந்துவிட்டால் கோபம் பாதி இறங்கிவிடும், செய்ய ஒரு வேலை கிடைத்துவிடுகிறது அல்லவா? ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு வையுங்கள். எட்டு எடுக்கச் சொன்னால் உதிரி போதாது. ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும். 12-இல் 8 போக 4, மிச்சம் நாலு கட்டில் மூன்று போக ஒன்று, ஆக 14. "கடன் வாங்கு" என்று பத்து முறை சொல்வதைவிட இது சீக்கிரம் முடியும்.

நேரமும் முக்கியம். பள்ளி விட்டு வந்ததும் வேண்டாம், தூக்கம் சொக்கும் இரவிலும் வேண்டாம். ஏதாவது சாப்பிட்ட பிறகு, சின்ன வகுப்புப் பிள்ளைக்கு ஒரே அமர்வில் 15-20 நிமிடம் போதும். உங்களுக்கும் பசி இருக்கக் கூடாது.

பென்சில் எப்போதும் பிள்ளையின் கையில்தான். நீங்கள் அதைப் பிடுங்கி எழுதத் தொடங்கினால் பொறுமை ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். அப்போது "அஞ்சு நிமிஷத்துல வர்றேன்" என்று எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். சொன்னபடி ஐந்தாவது நிமிடம் திரும்பி வாருங்கள். சொல்லாமல் எழுந்து போனால் பிள்ளைக்கு அது தண்டனையாகத் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் மாதக்கணக்கில் வாசிப்பு நகரவில்லை என்றால் முதலில் கண் பரிசோதனை, அடுத்து கற்றல் குறைபாடு இருக்கிறதா என்ற பரிசோதனை. அந்த நிலையில் உங்கள் பொறுமை மட்டும் போதாது.