டபுள்கோர்ட்டினைக் கண்டுபிடிக்கும் பிறபொருளெதிரி என்றால் என்ன?

ஏ.எல். பயோவில் படித்த பிறபொருளெதிரிதான், கிருமி வந்தால் உடம்பு செய்கிற புரதம். ஆய்வுகூடத்தில் அதையே தேடும் கருவியாக்கிவிடுகிறார்கள். டபுள்கோர்ட்டின் என்பது வளரும் மூளையில், பிறந்த இடத்திலிருந்து தன் இடத்துக்கு நகர்ந்துபோகும் இளம் நரம்புக்கலங்களில் இருக்கும் புரதம். கலத்துக்குள் உள்ள நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை, அது பழுதானால் கலங்கள் பாதி வழியில் நின்றுவிடும். அதன் ஒரு துண்டை முயலுக்கு ஊசியாகப் போட்டால் (முயல் பாவந்தான்) அந்தத் துண்டைப் பிடிக்கும் பிறபொருளெதிரி அதன் இரத்தத்தில் உருவாகும். அதை மூளைச் சீவலில் விட்டால் போய் ஒட்டும், சரி, ஆனால் கண்ணுக்குத் தெரியாதே! அதனால் முயலின் பிறபொருளெதிரியைப் பிடிக்கும் இன்னொன்றை ஆட்டிலிருந்து எடுத்து, ஒளிரும் சாயம் சேர்த்து மேலே விடுவார்கள்.

மட்டக்களப்பு வாவியில் இரவில் வலை போட்டு, மிதவையில் சின்ன லைட் கட்டினால் எப்படி, அப்படி: மீனைப் பிடிப்பது வலை, இடத்தைக் காட்டுவது லைட்.

பலர் நினைப்பதுபோல, ஒளிர்ந்தாலே டபுள்கோர்ட்டின் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இறாலுக்குப் போட்ட வலையில் நண்டும் சிக்கும், ஆகவே அந்தப் புரதமே இல்லாத சுண்டெலியின் மூளையிலும் போட்டு, அங்கே ஒளிராமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நம்பலாம்.