நோவா எத்தனை ஆடுகளை ஏற்றினார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு சிறுவன் கேட்டான்: "வெள்ளத்துக்குத் தப்ப நோவா கட்டிய பேழையில் ஆடு எத்தனை?" வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் 6-ம் அதிகாரத்தில் எல்லாவற்றிலும் ஒரு ஜோடி. 7-ல் சுத்தமான மிருகங்களில் மட்டும் ஏழு ஏழு. பல மரபுகளைச் சேர்த்து ஒருவர் இந்நூலைத் தொகுத்தார் என்கிறீர்கள். அவர் இதைக்கூடவா கவனிக்கவில்லை?

வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தச் சிறுவனுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். ழான் அஸ்ட்ரூக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1753-ல் தன் பெயர் போடாமல் ஒரு நூலை வெளியிட்டார். அவரை உறுத்தியதும் இப்படிப்பட்ட இரட்டிப்புகள்தான். இந்நூலை மோசே எழுதினார் என்பதே வழிவழி நம்பிக்கை; அதை மறுப்பது அவர் நோக்கமல்ல. மோசே பழைய ஏடுகளை வைத்து எழுதினார் என்று நிறுவவே முயன்றார். போன வழி வேறு, போய்ச் சேர்ந்த ஊர் வேறு!

உங்கள் கையில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்திலேயே தையல் தெரியும். மூலமொழியான எபிரெயத்தில் கடவுளுக்கு எலோஹிம் என்ற பெயர் வந்தால் 'தேவன்', யாவே என்று வந்தால் 'கர்த்தர்'. ஒரு ஜோடி என்று சொல்பவர் தேவன். ஏழு ஏழு என்று சொல்பவர் கர்த்தர். 7:16-ஐ எடுத்துப் பாருங்கள். தேவன் கட்டளையிட்டபடி உயிர்கள் உள்ளே போகின்றன. உடனே கர்த்தர் கதவை அடைக்கிறார். ஒரே வசனம், நடுவில் ஊசி போன தடம்.

எண்ணிக்கைக்கும் காரணம் இருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் நோவா பலியிடுகிறார். இருப்பதே ஒரு ஜோடி ஆடு என்றால் அன்றோடு ஆட்டினம் முடிந்தது. ஆகவே அந்தக் கதைக்கு ஏழு வேண்டும். மற்றது ஆசாரியர்களின் மரபு. முதல் ஆசாரியரான ஆரோனுக்கு முன் யாரும் பலியிட்டதாக அது சொல்வதில்லை. ஆசாரியர் இல்லாமல் பலி ஏது? அதற்கு ஒரு ஜோடி போதும்.

தொகுத்தவர் கவனிக்காமல் விட்டார் என்று நான் நம்பவில்லை. படைப்பைப் பற்றி அவரிடம் இரண்டு கதைகள் இருந்தன. அடுத்தடுத்து வைத்துவிட்டார், 1-ம் அதிகாரத்தில் ஒன்று, 2-ல் மற்றொன்று. வெள்ளத்தில் அது நடக்காது. உலகத்தை இரண்டு முறை மூழ்கடிக்க முடியாதே. எனவே வரிவரியாகப் பிரித்துப் பின்னினார். யோசேப்பை விற்ற கதையிலும் அப்படித்தான். எகிப்தில் போத்திபாரிடம் அவனை விற்றவர்கள் 37-ம் அதிகாரத்தின் முடிவில் மீதியானியர். 39-ன் தொடக்கத்தில் இஸ்மவேலர்.

ஒன்றை வெட்டியிருக்கலாமே என்பீர்கள். கி.மு. 722-ல் அசீரியரிடம் வட இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா விழுந்தது. 586-ல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை எரித்தார்கள். அரசன் இல்லை, ஆலயம் இல்லை. கையில் மிஞ்சியவை இந்த ஏடுகள்தான். ஒவ்வொன்றையும் வேதமாகவே ஓதிவந்த ஒரு கூட்டம் இருந்திருக்க வேண்டும். எவருடையதை எறிவது? கணக்கு உதைத்தாலும் பரவாயில்லை என்று இரண்டையும் காப்பாற்றியிருக்கிறார். நானாக இருந்தால் ஒன்றை அடித்துச் சீராக்கியிருப்பேன். நல்லவேளை, அந்த வேலை என்னிடம் வரவில்லை.

ஜெர்மானிய வேதாகம அறிஞர் வெல்ஹவுசன் 19-ம் நூற்றாண்டில் நிலைநாட்டிய நான்கு மூல ஏடுகள் என்ற கணக்கை இன்று பலர் அப்படியே ஏற்பதில்லை. ஆசாரிய மரபைத் தனியே பிரித்தெடுப்பதில் மட்டும் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்.

தண்ணீர் வற்றும்வரை காகம் போவதும் வருவதுமாக இருந்தது என்று 8:7 சொல்கிறது. பிறகு புறாவை எதற்கு அனுப்பினார்? அடுத்த ஞாயிறு அந்தப் பையன் இதைக் கேட்பான். தயாராக இருங்கள்.