மீன் எண்ணெய் மாத்திரை போதும், ஸ்டேட்டின் வேண்டாம் என்கிறார்களே?

கேள்வி: வயது 54. மாரடைப்பு வந்ததில்லை, சர்க்கரை நோயும் இல்லை. கொழுப்புக்காக ஸ்டேட்டின் சாப்பிடுகிறேன், டிரைகிளிசரைடு 190. தினமும் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை போட்டுக்கொண்டால் ஸ்டேட்டினை விட்டுவிடலாம் என்கிறார் ஒரு விற்பனைப் பிரதிநிதி. விடலாமா?

பதில்: விடக்கூடாது. இரண்டும் வெவ்வேறு வேலை செய்பவை. ஸ்டேட்டின் எல்.டி.எல் என்னும் கெட்ட கொழுப்பைக் குறைத்து மாரடைப்பைத் தடுக்கிறது. மீன் எண்ணெய் எல்.டி.எல்-ஐக் குறைப்பதில்லை, ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடைத்தான் குறைக்கிறது, அதுவும் எடுக்கும் எண்ணெயின் அளவு கூடுதலாக இருந்தால் மட்டுமே.

உங்களைப் போல இதயநோய் இல்லாத 25,871 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான வைட்டல் ஆய்வில், தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை.

விற்பவர்கள் காட்டுவது வேறோர் ஆய்வை. ரெட்யூஸ்-இட் என்ற அந்த ஆய்வில் இதயநோய் உள்ளவர்களும், சர்க்கரை நோயுடன் வேறு அபாயங்களும் உள்ளவர்களுமாக, டிரைகிளிசரைடு கூடிய 8,179 பேர் பங்கேற்றனர், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புகளில் ஒன்றான ஈ.பி.ஏ-வை மட்டும் சுத்திகரித்த மருந்தை நாளொன்றுக்கு 4 கிராம் எடுத்தவர்களிடம் இதய பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. ஆனால் அவர்கள் அனைவரும் ஸ்டேட்டினை நிறுத்தாமல் அதனுடன் சேர்த்தே இதை எடுத்தார்கள் என்பதைப் பிரதிநிதி சொல்லியிருக்க மாட்டார். ஒப்பீட்டுக்காக மற்றவர்களுக்குத் தந்த கனிம எண்ணெய் அவர்களுக்குக் கெடுதல் செய்து, மருந்தின் பலனைப் பெரிதாகக் காட்டியதா என்ற விவாதமும் ஓயவில்லை, ஈ.பி.ஏ-வையும் இன்னோர் ஒமேகா-3 கொழுப்பான டி.எச்.ஏ-வையும் கலந்த மருந்தை அதே 4 கிராம் அளவில் கொடுத்த ஸ்ட்ரெங்த் ஆய்வில் பலனே தெரியவில்லை.

இனி, மீன் எண்ணெய் மாத்திரைப் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 1000 மில்லிகிராம் என்றிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் பெரும்பாலும் ஈ.பி.ஏ 180, டி.எச்.ஏ 120 என்றிருக்கும். மீதியெல்லாம் வேறு கொழுப்பு. ரெட்யூஸ்-இட் ஆய்வின் ஈ.பி.ஏ அளவை எட்ட நாளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட மாத்திரைகளை விழுங்க வேண்டும். பலனை நிரூபிக்காமலேயே துணை உணவு என்ற பெயரில், அட்டையில் இதயப் படம் போட்டு விற்க அனுமதிக்கும் ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

வாரம் இருமுறை பொரிக்காத மீன் சாப்பிடுங்கள். அளவு கூடிய மீன் எண்ணெய் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற இதயத்துடிப்பைத் தூண்டக்கூடும். ஏற்கெனவே மீன் எண்ணெய் மாத்திரையைத் தொடங்கியிருந்து படபடப்பு வந்தால், அந்த மீன் எண்ணெயை நிறுத்திவிட்டு உடனே இ.சி.ஜி எடுத்துக்கொள்ளுங்கள்.