ஃபார்மால்டிஹைடைக் குறைத்தால் பசை ஏன் பலவீனமாகிறது?

யூரியா-ஃபார்மால்டிஹைடு பசையில் ஃபார்மால்டிஹைடைக் குறைத்ததும் பார்ட்டிக்கிள் போர்டு (மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திய பலகை) உறுதி இழக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் எளிது. யூரியா மூலக்கூறுகளைப் பின்னிப் பிணைப்பதே ஃபார்மால்டிஹைடுதான். அதைக் குறைத்தால் பின்னலும் தளரும். இன்னொன்றும் நடக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. அம்மோனியம் குளோரைடு போன்ற ஹார்டனர் (பசையை இறுக்கச் சேர்க்கும் பொருள்), பசையில் தனியாக இருக்கும் ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்துதான் அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம்தான் பசையை இறுக வைக்கும். ஃபார்மால்டிஹைடு குறைந்தால் அமிலமும் குறையும், இறுகுவது தாமதமாகும். பலகையைச் சூடாக்கி அழுத்தும் பிரஸ்ஸைப் பழைய நேரக் கணக்கிலேயே திறந்தால், கடைசியாகச் சூடேறும் நடுப்பகுதி இன்னும் இறுகியிருக்காது. உள்ளே அடைபட்ட நீராவி பலகையை நடுவில் பிளந்துவிடும்.

அதனால் முதலில் பிரஸ் நேரத்தையும் ஹார்டனரையும் சரிபாருங்கள். அப்புறம் யூரியாவில் ஒரு பகுதிக்குப் பதிலாக மெலமைன் சேருங்கள். விலை கூடும்தான். ஆனால் ஈரத்தில் பிணைப்பு உடைந்து மறுபடி ஃபார்மால்டிஹைடு வாயு கசிவதை அது நன்றாகக் குறைக்கும். என் கணிப்பில் உங்களுக்கு ஏற்ற வழி இதுதான்.

ஃபார்மால்டிஹைடே வேண்டாமென்றால் ஐசோசயனேட் பசை இருக்கிறது. வலுவானது, ஆனால் பிரஸ் தகட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். கையாளவும் கவனம் வேண்டும்.

புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதே, அது ஃபார்மால்டிஹைடு வாயுதான். 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. வெட்டிய ஓரங்களில்தான் கசிவு அதிகம், அவற்றை மூடாமல் விடாதீர்கள்.