ஒரு கேள்வி வந்தது: மண்டபத்தின் ஒலி அமைப்பைச் சரிசெய்ய நான்கு மைக் வைத்து அளந்து, அந்தச் சராசரியை வைத்தே டிலே (ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் நேரத் தாமதம்) போடலாமா?

போடக் கூடாது. சராசரி ஈக்யூவுக்கு, அதாவது எந்த அதிர்வெண்ணை ஏற்றுவது, எதை இறக்குவது என்ற திருத்தத்துக்கு உதவும். டிலேவுக்கு ஒரே மைக், அதுவும் சரியான இடத்தில்.

கேட்டவர் சொன்ன அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன்: 25 மீட்டர் நீள மண்டபம், மேடையின் இருபுறமும் 3 மீட்டர் உயரத்தில் டாப் (பிரதான ஸ்பீக்கர்), தரையில் சப் (அடி ஒலிக்கான ஸ்பீக்கர்), டாப்புக்கு நேர் முன்னே 14 மீட்டர் தள்ளி அதே உயரத்தில் பின்வரிசைகளுக்கான டிலே ஸ்பீக்கர்.

யூஎஸ்பி மைக் நான்கை வாங்கிச் சேர்த்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் தனி கிளாக் (நேரக் கடிகாரம்), அளக்கும்போதே ஒன்றுக்கொன்று விலகும். எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் இணைப்பு) மெஷர்மென்ட் மைக்கும், அதற்கு 48 வோல்ட் தந்து கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியும் வேண்டும். இன்டர்ஃபேஸில் நாலு இன்புட்தான் என்றால் மூன்று மைக்கோடு நிறுத்துங்கள். நாலாவது இன்புட் லூப்பேக்குக்கு: இன்டர்ஃபேஸின் அவுட்புட்டையே ஒரு கேபிளில் திருப்பிக் கொடுப்பது. நேரத்துக்கு அதுதான் ஆதாரம், நேர ஆதாரம் இல்லாமல் ஃபேஸ் கோட்டுக்கு (ஒலி அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் கோடு) அர்த்தமே கிடையாது. லூப்பேக்கை டிஆர்எஸ் ஜாக்கில் (கால் அங்குல உருண்டை இணைப்பு) செருகுங்கள். எக்ஸ்எல்ஆரில் செருகினால் 48 வோல்ட் நேராக அவுட்புட்டுக்குள் ஏறும்.

மைக்குகளைப் பரப்புவதற்கு முன், தலைகள் ஒட்டினாற்போல ஒரே உயரத்தில் கட்டி, ஒரு டாப்பிலிருந்து 1 மீட்டரில் அளந்து பாருங்கள். திரையில் ஒவ்வொரு மைக்குக்கும் வரும் கோடுகள் (எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தம் என்பது) ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை கெயினைத் திருத்தி, குமிழ்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். யாராவது கை வைத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவீட்டு மென்பொருளில் பல மைக்கை ஒரே ஸ்வீப்பில் (அடியிலிருந்து உச்சிவரை ஏறும் சோதனை ஒலி) பிடிக்க, காசு கட்டி வாங்கும் புரோ வசதி வேண்டும். இலவசப் பதிப்பிலும் இன்புட்டை மாற்றி மாற்றி ஸ்வீப் விட்டால் அதே முடிவுதான். பல மைக்கின் உண்மையான லாபம், ஈக்யூவைத் தொட்ட பிறகும் மைக் இம்மியும் நகராமல் இருப்பதுதான். 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் வெறும் மூன்றரை சென்டிமீட்டர். ஸ்டாண்டைத் தூக்கி வைத்தாலே கோடு மாறும், அதை ஈக்யூவின் விளைவு என்று நினைத்து ஏமாறுவோம்.

சராசரி எடுக்கும்போது ஆர்எம்எஸ் ஆவரேஜ் (ஒலி அளவை மட்டும் பார்க்கும் சராசரி) எடுங்கள். வெக்டர் ஆவரேஜ் ஃபேஸையும் சேர்த்துக் கூட்டும். இரு மைக்குக்கும் தூரம் 17 சென்டிமீட்டர் வித்தியாசப்பட்டாலே 1 கிலோஹெர்ட்ஸ் எதிரெதிராகி அழியும், ட்ரெபிளே இல்லாத மண்டபம்போலத் தெரியும். மைக்குகளை மிக்சரில் ஒன்றாகக் கலந்தாலும் இதே கதிதான். திரையரங்க ட்யூனிங்கில் நாலு மைக் வைக்கும் பழக்கம் பழையது. அங்கேயும் மல்டிபிளெக்சர் பெட்டி மைக்குகளை மாற்றி மாற்றித்தான் அனலைசருக்குக் கொடுக்கும்.

இப்போது கோடுகளைப் பாருங்கள். மைக் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், தரையில் பட்டு வரும் ஒலி 5 மீட்டர் தூரத்தில் 145 ஹெர்ட்ஸ் வாக்கிலும், 10 மீட்டரில் 255-லும், 15 மீட்டரில் 370-லும் பள்ளம் தோண்டும். ஒவ்வொரு மைக்கிலும் பள்ளம் வேறு இடத்தில் வருகிறதா? அதற்கு ஈக்யூ கிடையாது, ஏற்றினால் மற்ற இருக்கைகள் கெடும். எல்லா மைக்கிலும் ஒரே இடத்தில் மேடு வந்தால் மட்டும் இறக்குங்கள்.

டிலேவுக்கு வருவோம். டிலே ஸ்பீக்கரைத் தாண்டி பின்வரிசைப் பக்கம் 4 மீட்டரில், டாப், டிலே இரண்டின் லெவலும் ஏறக்குறைய சமமாகும் இடத்தில் ஒரு மைக். அளவு டேப் பிடித்தால் 14 மீட்டர், 24 டிகிரி வெப்பத்தில் 40.5 மில்லிசெகண்ட். ஆனால் ஸ்பீக்கர் உயரத்தையும் சேர்த்தால், இரண்டிலிருந்தும் மைக்குக்கு உள்ள தூரத்தின் வித்தியாசம் 13.7 மீட்டர்தான், 39.6 மில்லிசெகண்ட். இந்த 0.9 பிழை போதும், 555 ஹெர்ட்ஸில் பேச்சைக் குடைந்துவிடும். ஒலியைத் திருத்தும் ப்ராசஸர் பெட்டியின் தாமதம் வேறு இருக்கிறது, அது எந்த அளவு டேப்பிலும் வராது. அதனால் டாப்பைத் தனியாக, டிலேவைத் தனியாக ஸ்வீப் விட்டு, இம்பல்ஸ் (ஒலி மைக்குக்கு வந்து சேர்ந்ததைக் காட்டும் கூர்முனை) வரும் நேர வித்தியாசத்தைப் போடுங்கள்.

சப்புக்கு இம்பல்ஸை நம்பாதீர்கள், அதன் உச்சி மழுங்கலாக இருக்கும். கிராஸ்ஓவர் (சப்பிலிருந்து டாப்புக்கு ஒலி கைமாறும் அதிர்வெண்) 100 ஹெர்ட்ஸ் என்றால் 70 முதல் 140 வரை டாப், சப் இரண்டின் ஃபேஸ் கோடும் ஒன்றாக ஓட வேண்டும். 100 ஹெர்ட்ஸில் 1 மில்லிசெகண்ட் 36 டிகிரி. ஒரு புள்ளியில் வெட்டிக்கொண்டு சாய்வு மட்டும் வேறாக இருந்தால் ஒரு முழுச் சுற்று தவறியிருக்கலாம். சரிபார்க்க, சப்பின் போலாரிட்டியை (பிளஸ், மைனஸ் திசை) திருப்புங்கள்: 100-ஐச் சுற்றி ஆழமான பள்ளம் விழுந்தால் ஒத்திசைவு சரி. பிறகு மறக்காமல் திருப்பி வையுங்கள்.

இந்த வேலையை ஏசி அரை மணி நேரம் ஓடிய பிறகு செய்யுங்கள். 34 டிகிரியில் போட்ட டிலே 24 டிகிரியில் 0.7 மில்லிசெகண்ட் தள்ளி நிற்கும்.