வாழை வாடல்: அறிகுறி ஒன்று, பூஞ்சாணம் பல

கேள்வி: ரஸ்தாலி தொடர்ந்து வாடியதால் ஜி-9 வாழைக்கு மாறினேன். இப்போது அதிலும் சில மரங்கள் வாடுகின்றன. பீகாரில் பரவிய புதிய இனம் இங்கும் வந்துவிட்டது என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். மாதிரி கொண்டுபோன இடத்திலோ, பூஞ்சாணம்தான், ஆனால் எந்த இனம் என்பதை மரபணுச் சோதனைக்குப் பிறகே சொல்ல முடியும் என்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல முடியாதா?
- ஒரு வாசகர், தேனி மாவட்டம்

பதில்: முடியாது. உங்களிடம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். வாழை வாடலை உண்டாக்கும் ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்னும் பூஞ்சாணத்தில், ரஸ்தாலியைத் தாக்கும் முதல் இனமும் ஜி-9 அடங்கிய கேவண்டிஷ் வகைகளைச் சாய்க்கும் நான்காம் இனமும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரியான பிறை வடிவ வித்துகளையே காட்டுகின்றன. மரத்திலும் வேறுபாடு தெரியாது. முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றித் தொங்குவதும், அடித்தண்டு நெடுக்கில் வெடிப்பதும், தண்டைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்புப் புள்ளிகள் வளையமாகத் தெரிவதும் இரண்டுக்கும் பொதுவானவை.

ஜி-9 வாடியதாலேயே அது புதிய இனம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. முதல் இனத்தைச் சேர்ந்த வீரியமிக்க ஒரு பிரிவு கேவண்டிஷ் வாழையைத் தாக்கியதைத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் 2010-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அது கண்டறியப்பட்டதும் உங்கள் தேனி மாவட்டத்தில்தான். ஆகவே உங்கள் தோட்டத்தில் இருப்பது அந்தப் பழைய பகைவனாகவும் இருக்கலாம். பீகாரில் பரவிய, டிஆர்-4 எனப்படும் வெப்பமண்டல நான்காம் இனமாகவும் இருக்கலாம்.

இனம் பிரிக்க முன்பு பெரிதும் நம்பியிருந்தது இணக்கச் சோதனையை. நைட்ரேட்டைப் பயன்படுத்த முடியாதபடி மாறிய பூஞ்சாணங்கள், நைட்ரேட் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் மெல்லிய படலமாக மட்டுமே வளரும். வெவ்வேறு குறைபாடுள்ள அத்தகைய இரண்டை ஒரே தட்டில் அருகருகே வளர்க்கும்போது, அவை ஒரே இணக்கக் குழுவைச் சேர்ந்தவையாக இருந்தால், சந்திக்கும் கோட்டில் இழைகள் ஒன்று கலந்து, ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்து, வெண்பஞ்சு போல அடர்ந்து எழும். வேறு குழுக்களாக இருந்தால் அந்தக் கோடு வெறுமையாகவே கிடக்கும். தேனியில் கண்ட பிரிவு 0124 என்ற குழுவைச் சேர்ந்தது. டிஆர்-4 இருப்பது 01213/16 என்ற குழுவில். நம்பகமான சோதனைதான், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட அதே பி.சி.ஆர். முறையில், இன்று இனத்துக்கே உரிய டிஎன்ஏ துண்டு இருக்கிறதா என்று மிக விரைவில் பார்த்துவிடலாம்.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 2010-இல் வெளிவந்து உலகெங்கும் பயன்பட்ட ஒரு டிஆர்-4 சோதனை, வாழைக்குள் தீங்கின்றி வாழும் வேறு சில ஃபுசேரியங்களுக்கும் ‘இருக்கிறது’ என்று விடை தந்ததைப் பின்னர் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு மரபணுத் துண்டை வைத்து ஒரு விவசாயியின் தோட்டத்துக்குத் தீர்ப்பு எழுதுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. நோயூக்கும் மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்த முடிவா என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: இந்தப் பூஞ்சாணத்தில் பாலினப் பெருக்கமே காணப்படவில்லை என்று படித்தேன். அப்படியானால் இத்தனை இனங்கள் எப்படி உண்டாயின?
- வேளாண் கல்லூரி மாணவி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி. இவை அனைத்தும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் அல்ல என்பதே விடையின் முதற்பகுதி. 1998-இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது, வாழையைத் தாக்கும் திறன் தனித்தனி மரபுவழிகளில் பலமுறை தோன்றியிருப்பதும், சில வாழைப் பூஞ்சாணங்கள் மற்ற வாழைப் பூஞ்சாணங்களைவிட வேறு பயிர்களைத் தாக்குபவற்றுக்கே நெருங்கிய உறவாக இருப்பதும் தெரியவந்தன. நாம் வாழையை வைத்து அவற்றுக்கு ஒரே பெயரிட்டுவிட்டோம்.

இரண்டாவது பகுதி இன்னும் வியப்பானது. தக்காளி வாடலை உண்டாக்கும் ஃபுசேரியத்தில், நோய் உண்டாக்கும் மரபணுக்கள் தனியான கூடுதல் குரோமோசோம்களில் இருப்பதையும், அந்தக் குரோமோசோம் தீங்கற்ற ஒரு பூஞ்சாணத்துக்குள் சென்றபோது அதுவும் தக்காளியைத் தாக்கத் தொடங்கியதையும் 2010-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். பாலினக் கலப்பு இல்லாமலேயே புதிய நோயூக்கி பிறக்க இப்படியும் ஒரு வழி உண்டு.

டிஆர்-4 பரவிய விதமோ இந்தப் பன்மைக்கு நேர்மாறானது. ஜோர்டான், லெபனான், பாகிஸ்தான் போன்ற நாடுகளில் எடுத்த மாதிரிகள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்ததை 2015-இல் வெளியிட்டார்கள். நாடு நாடாக அதைக் கொண்டு சென்றது பெரும்பாலும் நோயுற்ற கிழங்கும், மண் ஒட்டிய கருவியும் காலணியுமே.

கேள்வி: சோதனைக்கு எதை, எப்படி அனுப்ப வேண்டும்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: காய்ந்த இலையும் மண்ணும் வேண்டாம். நோய் தொடங்கிய நிலையில் உள்ள மரத்தின் தண்டில், செம்பழுப்பு நரம்புகள் தெரியும் துண்டை வெட்டி, காகிதத்தில் சுற்றி, அன்றே அனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரத்தில் பாக்டீரியா பெருகித் துண்டு அழுகிவிடும். வெட்டிய அரிவாளை நன்கு கழுவிக் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்த மரத்தில் வைக்காதீர்கள்.