பெயர் மாற்றினால் திறக்காது

மரம் செதுக்கும் சிஎன்சி (கணினி இயக்கும்) மெஷினுக்கான டிசைனாக வந்த, ஏஆர்டி என்று முடியும் கோப்பை ஜேபெக் என்று பெயர் மாற்றியும் படம் தெரியவில்லை என்கிறீர்கள். தெரியாதுதான். அது படமே இல்லை. செதுக்கு டிசைன் போடும் ஆர்ட்கேம் மென்பொருளின் சொந்தக் கோப்பு. புடைப்புச் செதுக்கலின் உயரங்கள், கோடுகள், வெட்டுப்பாதைகள் (பிட் எனும் வெட்டுமுனை நகர வேண்டிய வழிகள்) எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். ஆர்ட்கேமை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018இல் நிறுத்திவிட்டது. அதன் மூலநிரலிலிருந்து வந்த கார்வெகோ என்ற மென்பொருள் இந்தக் கோப்பைத் திறக்கும்.

பார்ப்பதற்காக மட்டும் மென்பொருள் வாங்குவது வீண் என்பேன். டிசைன் தந்தவரிடமே எஸ்டிஎல் என்ற முப்பரிமாணக் கோப்பு வடிவில் கேளுங்கள்; இலவச 3டி மென்பொருளான பிளெண்டரில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் எஸ்டிஎல்லில் உருவம் மட்டும்தான் வரும். வெட்டுப்பாதையை நீங்கள்தான் போட வேண்டும்.

கூடவே ஜி-கோடு கோப்பும் (மெஷின் எப்படி நகர வேண்டும் என்ற கட்டளைகள்) தந்திருந்தால் இன்னும் நல்லது. அது வெறும் எழுத்துதான், நோட்பேடிலேயே திறக்கும். அதில் ஜி21 என்றிருந்தால் அளவுகள் மில்லிமீட்டர், ஜி20 என்றால் அங்குலம். அப்புறம் இசட் (பிட்டின் மேல்-கீழ் நிலை) மதிப்புகளில் மிக ஆழமானது எது என்று தேடுங்கள். பலகையின் மேற்பரப்பைச் சுழியமாக வைத்து, 25 மி.மீ. பலகைக்கு இசட் -38 என்றிருந்தால் பிட் பலகையைத் துளைத்து மேசைக்குள் இறங்கிவிடும். (நான் ஒரு மேசையைக் கெடுத்தவன்.) வெட்டுவதைத் திரையிலேயே காட்டும் கேமோடிக்ஸ் மென்பொருளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மெஷினுக்கு அனுப்புங்கள்.